கிராணி எடுத்த கல்யாணப் படம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய பாரோயில் எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு வழக்கு நடந்தது.

அடுத்த வீட்டு இந்திராவின் மகள் கவிதா காமிரா வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் யாரோ ஒருவர், தம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து படமெடுத்துத் தரும்படி அவளைக் கேட்டிருக்கிறார் — சம்பளத்துக்கு!

"பூவையும் பூனையையும் எடுத்துப் பழகிட்டு, கல்யாணத்துக்குப் போறேங்குறா. பூ அங்கேயேதான் இருக்கும்லா. தாலி அப்படியா? ஒரு தடவை கட்டிட்டா முடிஞ்சிருச்சி!" என்று என்னிடம் முறையிட்டாள் இந்திரா.

"அப்ப படம் எடுக்கிறவங்க எல்லாரும் முதல் கல்யாணத்துக்குப் போகாம, நேரா ரெண்டாவது கல்யாணத்துக்கா போனாங்க? நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் கவிதா.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் நீதிபதி என்ன செய்வார்? காபி கலக்குவதாகச் சொல்லி உள்ளே போய்விடுவார். நானும் அதையே செய்தேன். ஆனால் பால் பொங்குவதற்குள் என் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

ஜப்பான்காரன் காலம். லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே அலுவலகக் கணக்கெழுதும் கிராணியாக அப்பா வேலை பார்த்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன அவசரத்தில் பங்களாவில் ஒரு நாயையும், ஒரு பியானோவையும், ஒரு பெட்டிக் காமிராவையும் விட்டுச் சென்றிருந்தார். நாயைச் சமையல்காரர் எடுத்துக்கொண்டார். பியானோவைக் கறையான் எடுத்துக்கொண்டது. காமிராவைப் புதிதாக வந்த ஜப்பானிய மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பெட்டி என்று முகம் சுளித்து அப்பாவிடமே தந்துவிட்டார்.

காமிராவோடு ஓர் ஆங்கிலக் கையேடும், உறை பிரிக்காத ஒரே ஒரு பிலிம் சுருளும் இருந்தன. அதில் எட்டுப் படங்கள் எடுக்கலாம். வேறு பிலிமுக்கு எங்கே போவது? சிரம்பானிலும் கிடையாது, சிங்கப்பூரிலும் கிடையாது. ஆகவே அப்பா, பிலிம் போடாமலே படமெடுக்கப் பழகினார்.

தோட்டம் முழுவதும் அவரிடம் படமெடுத்துக்கொண்டது. தலை வாரி, முகத்தில் மரவள்ளி மாவைப் பூசிக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார்கள். 'கிளிக்' என்ற சத்தம் கேட்டதும் நிம்மதியாகக் கலைந்தார்கள். "படம் எப்பங்கய்யா வரும்?" என்று யாராவது கேட்டால், "சண்டை முடியட்டும்" என்பார் அப்பா. அந்த நாட்களில் எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில் என்பதால் எவரும் சந்தேகப்படவில்லை. இவ்வாறாக, ஒரு படம்கூட வெளிவராமலே என் தந்தை வட்டாரத்தின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஆனார். படங்கள் வெளிவந்திருந்தால் ஆகியிருப்பாரா... அது வேறு விஷயம்.

அப்போதுதான் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். லாரியில் ஏறிப் போனவர்கள் திரும்பவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. கல்யாணமான ஆண்களை விட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு பரவியது. அது முழு உண்மையில்லை என்பதைப் பிற்பாடு பல குடும்பங்கள் அழுதுகொண்டு தெரிந்துகொண்டன. ஆனால் அன்று அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பேச்சு பரவியதும் என்ன ஆயிற்று? சுற்றியிருந்த தோட்டங்களில், கிராணிகளின் பேனா முனையில், அத்தனை இளைஞர்களுக்கும் ஒரே வாரத்தில் கல்யாணமாகிவிட்டது! சிரம்பானில் இருந்த ஜப்பானிய அதிகாரி ஏமாறுகிறவர் அல்லர். எழுத்தை நம்ப முடியாது, படம் வேண்டும் என்றுவிட்டார். அதிலும் இருவர் சேர்ந்து நிற்கும் படம் போதாதாம். அக்காவும் தம்பியும்கூட அப்படி நிற்கலாமே! தாலி கட்டும்போது எடுத்த படம்தான் வேண்டுமாம்.

மறுநாளே தோட்டத்துக் கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய அக்காள் மகன் முனியாண்டி ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பால்மரம் வெட்டுகிறவன், கல்யாணமாகாதவன். தம் மகள் அஞ்சலையை அவனுக்குக் கொடுப்பதாக எப்போதோ பேசி வைத்திருந்தார் கங்காணி. இனி நல்ல மாதம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

"வர்ற வெள்ளிக்கிழமை வச்சிருக்கேங்கய்யா. ஒம்பது மணிக்கு முகூர்த்தம். நீங்கதான் படம் புடிக்கணும். சும்மா வேணாம். ஒரு பிஸ்கட் டின் நெறைய அரிசி தாரேன்."

அப்பாவின் முகம் வெளிறியது. "இல்ல கங்காணி... நான் இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அட, நீங்க ஒண்ணு! இந்தத் தோட்டத்துல நீங்க புடிக்காத ஆளு யாரு இருக்கா? என் மாட்டைக்கூடப் புடிச்சீங்களே!"

அம்மா சமையற்கட்டில் இருந்தாள். பல மாதங்களாக மரவள்ளிக்கிழங்கை அவித்தும், வறுத்தும், அரைத்தும் அலுத்துப்போயிருந்தவளின் காதில் 'அரிசி' என்ற சொல் விழுந்துவிட்டது.

"அவரு வருவாரு கங்காணி" என்றாள் உள்ளேயிருந்தே. என் தந்தையின் தொழில் வாழ்க்கை அந்த மூன்று சொற்களில் தொடங்கியது.

கங்காணி போனதும் அப்பா குரலைத் தாழ்த்தினார். "கமலம், நான் இதுவரைக்கும் ஒரு படம்கூட எடுத்ததில்ல. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் ஒண்ணைக்கூடக் கெடுத்ததும் இல்ல."

அப்பா சிரிக்கவில்லை. "இது கெட்டுப்போச்சின்னா போறது படமில்ல. அந்தப் பையன்."

அம்மா கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். "அப்ப ஒழுங்கா எடுங்க" என்றாள்.

அப்பாவும் ஒழுங்காகவே ஆயத்தம் செய்தார். கையேட்டை மனப்பாடம் செய்தார். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், கை ஆடக்கூடாது, முகத்திலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது... எல்லாம் சரி. முகூர்த்த நேரத்தில்தான் விதி விளையாடியது.

ஜப்பான்காரன் நாட்டோடு சேர்த்து எங்கள் கடிகாரங்களையும் பிடித்துக்கொண்டிருந்தான். தோக்கியோவில் என்ன மணியோ அதுவேதான் லிங்கியிலும். எல்லாக் கடிகாரங்களும் பழைய நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடின. அப்பா யோசித்தார்: "கங்காணி பஞ்சாங்கம் பாத்துத்தானே ஒம்பதுன்னு சொன்னாரு? பஞ்சாங்கத்துக்கு ஜப்பான்காரனைத் தெரியுமா?" ஆகவே ஒன்றரை மணியைக் கூட்டிக்கொண்டார். பத்தரை!

கங்காணியோ அந்தக் கூட்டலை முன்பே செய்திருந்தார். கிராணி அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்து நடப்பவர், அவருக்கு எதற்குச் சிரமம் என்று, பஞ்சாங்கத்தின் ஏழரையை ஒன்பது என்று மாற்றியே சொல்லியிருந்தார். இருவரும் கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். இருவருமே போட்டதுதான் தவறு.

வெள்ளிக்கிழமை காலை, அரைமணி முன்னதாகவே போய்ச் சேர்கிற பெருமையோடு எங்களை அழைத்துக்கொண்டு அப்பா பந்தலை அடைந்தார். அங்கே வரிசையாக இலை போட்டு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கங்காணி, பசியாறிட்டுத்தான் தாலியா?" என்றார் அப்பா, சிரித்த முகத்தோடு.

கங்காணியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஐயா! தாலி கட்டி முடிஞ்சி போச்சிங்க! கூப்புட ஆளு அனுப்புனா, கிராணி குளிக்கிறாருன்னு சொல்லிட்டாங்களாம். நல்ல நேரம் தாண்டப் போவுதுன்னு பண்டாரம் கட்டச் சொல்லிட்டாரு..."

அப்பா காமிராவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு அழகாகக் குளித்துவிட்டு அவ்வளவு பரிதாபமாக நின்ற மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

"இன்னொரு தடவை கட்டச் சொன்னா..." என்று இழுத்தார்.

பந்தலே கொதித்தது. முனியாண்டியின் தாய் வீராயி எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். "என்னா பேச்சு பேசுறீங்க? அவுத்து அவுத்துக் கட்ட இது மாட்டுக் கயிறா?"

பண்டாரமும் சேர்ந்துகொண்டார். "மறுபடி கட்டினா அது ரெண்டாங் கல்யாணம். அதுக்கு வேற நாள் பாக்கணும்."

முனியாண்டி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது இருந்த சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

அப்போது, அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த அஞ்சலை பேசினாள்.

"அவுக்கவும் வேணாம், கட்டவும் வேணாம். பின்னால நின்னு கயித்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கட்டும். படத்துக்கு அது போதும்."

"பாருங்கடி! கழுத்துல ஏறுன மஞ்சள் காயல, அதுக்குள்ள வாயத் தொறந்துட்டா!" என்றாள் வீராயி.

"வாய மூடிக்கிட்டு இருந்தா ஒங்க மவனை லாரியில ஏத்திருவாங்க அத்தே."

வீராயி உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா இருவரையும் வெயிலைப் பார்த்து நிற்க வைத்தார். கண் கூசி மாப்பிள்ளைக்கு நீர் வழிந்தது. "தலையைக் கொஞ்சம் தூக்கும்மா" என்றால், பேசி முடித்த அஞ்சலைக்கு இப்போதுதான் வெட்கம் வந்திருந்தது, மேலும் குனிந்தாள். எட்டுத் தடவை 'கிளிக்' சத்தம் கேட்டது. கங்காணி சொன்னபடி டின் அரிசியைக் கொடுத்தனுப்பினார். அதை நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்பதை எழுதப் போனால் இந்தப் பக்கம் போதாது.

சிரம்பானில் ஒரு சீனரின் ஸ்டூடியோவிலிருந்து படங்கள் கழுவி வந்தன. ஒன்றில் அப்பாவின் கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. சிலவற்றில் மணமக்களுக்குத் தலை இல்லை. ஒன்றில் பந்தல்கால் நேராக நிற்க, குடும்பம் முழுவதும் சாய்ந்திருந்தது. கடைசியாக ஒன்று... அப்பா கூவியே விட்டார். முனியாண்டியின் முகம் தெளிவு. அவன் விரல்களில் தாலிக் கயிறு தெளிவு. அஞ்சலையின் குனிந்த நெற்றியும் தெளிவு!

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னால பந்தி நடக்குதே?"

ஆமாம். மணமக்களின் தோளுக்குப் பின்னால் ஒரு வரிசையே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் பாயசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார். தாலி ஏறுவதற்குள் பாயசம் வரை வந்துவிட்ட கல்யாணம் நம்மவர்களில் எங்கே உண்டு? உண்மையான கல்யாணம்; ஆனால் படத்தைப் பார்த்தால் நாடகம். முகத்திலிருந்து கண்ணை எடுக்காதே என்று சொன்ன கையேடு, முகத்துக்குப் பின்னாலும் உலகம் உண்டு என்பதைச் சொல்லவில்லை. இனிப் பிலிமும் இல்லை. அரிசியும் தீர்ந்துவிட்டது.

அந்தப் படத்தோடுதான் அப்பா முனியாண்டியை அழைத்துக்கொண்டு சிரம்பானுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதிகாரியின் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் ஒரு தமிழ் முஸ்லிம் வணிகர். போருக்கு முன் ஜப்பானியக் கடைகளில் சரக்கெடுத்து அந்த மொழியைப் பழகியவர். நம் கல்யாணங்கள் எத்தனையோ பார்த்திருப்பார். படத்தை வாங்கியதும் அவர் கண் நேராகப் பாயசக்காரரிடம் போய் நின்றது. பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

அதிகாரியின் விரலும் அதே இடத்தில் வந்து ஊன்றியது. ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்காமல் பதில் சொன்னார். அதிகாரி படத்தைப் பார்த்தார். எலும்பு தெரிய நின்ற முனியாண்டியைப் பார்த்தார். அவன் பெயருக்கு நேரே முத்திரையை வைத்தார்.

வாசலுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "பாய், அவரு என்ன கேட்டாரு?"

"தாலி கட்டுற நேரத்துல இவனுங்க எல்லாம் ஏன் திங்கிறானுங்கன்னு கேட்டாரு."

"நீங்க?"

"பசின்னேன். அதுக்கு மேல அவரும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா கிராணி... அடுத்த தடவை எலை போடுறதுக்கு முன்னாடி வந்துருங்க!"

பழகிக்கொண்டிருப்பவர் சம்பளத்துக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போகலாமா என்று யாராவது கேட்டால், அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர் யார் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.