உடனே குடியேறலாம்

கற்பிட்டியில் நடுப்பகல். களப்பிலிருந்து வரும் காற்றில் உப்பும் கருவாடும் மணக்கின்றன. விற்பனைக்கு வரும் பழைய வீடுகளைப் பற்றி வலைப்பூவில் எழுதுகிறவன் நான். இன்று ஒல்லாந்தர் காலத்து வீடொன்றின் முற்றத்தில் நிற்கிறேன். சுவர் ஒரு முழத் தடிப்பு. நான் படத்தோடு எழுதினால் வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்குவார்கள் என்று கொழும்பிலிருக்கும் சொந்தக்காரர் நம்புகிறார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெஸீமா ராத்தா பால் சேர்க்காத பிளேன்ரீ கொண்டுவருகிறார். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது அவருக்குப் பத்து வயது. இப்போது இந்த வீட்டின் பின்னறையில்தான் குடும்பம். எழுதியதைச் சரிபார்க்க நான் உரக்க வாசிக்கிறேன்: "உடனே குடியேறலாம்."

கோப்பையை நீட்டிய கை அப்படியே நிற்கிறது.

"எங்களுக்கா தம்பி? மன்னாருக்கா? மீள்குடியேற்றக் கடிதம் ஏதும் வந்திச்சா?"

"இல்ல ராத்தா... இந்த வீட்ட வாங்கிறவங்களுக்கு."

"அட அல்லாஹ்! குடியேற எண்டா எனக்கு எங்கட ஊர்தான் காதில விழுது." சிரிக்கிறார். சிரிப்பு முடியுமுன்பே கேட்கிறார்: "அப்ப நாங்க எப்ப வீட்ட விட்டு எழும்பணும்?"

சொந்தக்காரர் அதை என்னிடம் சொல்லவில்லை. 'உடனே' என்ற சொல்லை மட்டும் அழிக்கிறேன்.

ராத்தா முற்றத்தில் இறங்கி, கொடியிலிருந்து இன்னும் காயாத உடுப்புகளை எடுக்கத் தொடங்குகிறார்.

"கொஞ்சம் பொறுத்துப் படம் எடுங்க தம்பி. ஆள் இருக்கிற வீடெண்டு தெரிஞ்சா வாங்க மாட்டாங்க."