சோப்பு டப்பாவில் கற்ற மௌஸ்

நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வந்த பெண், கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து மேலே தள்ளினாள். பக்கம் நகரவில்லை. மறுபடி தள்ளினாள். எல்லாவற்றையும் செல்போனிலேயே படித்து வளர்ந்தவள். வால்பாறையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்திருந்தாள். மௌஸ் கைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. தேர்வு வைத்தவன் நான். “ஏனுங்க அம்மணி, கண்ணாடி தொடைக்கற வேலைக்கா வந்தீங்க?” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சொன்ன கணமே மூக்கில் சோப்பு வாசம் அடித்தது. கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள்: நான் மௌஸ் பிடிக்கக் கற்றது சோப்பு டப்பாவில்.

பொள்ளாச்சிப் பக்கம் நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதற்குச் சிவப்பு வெல்வெட் உறை. வாத்தியார் எவனையும் தொட விட்டதில்லை. ஆளுக்கொரு சோப்பு டப்பா கொண்டுவந்து மேசையில் நகர்த்த வேண்டும். “எடது பட்டன ஒருக்கா அமுக்குனா தேர்வாகும், ரெண்டு தடவ தட்டுனா தொறக்கும், வலதுல மெனு வரும்” என்று அவர் சொல்லச் சொல்ல வகுப்பு முழுக்க டக் டக். ஒருநாள் உறை விலகியிருந்தபோது நிஜ மௌஸை ஒரு விரலால் தொட்டுவிட்டேன். “எடுறா கைய! கெட்டுப்போச்சுன்னா உங்கப்பன் தேங்கா உரிச்சு வாங்கித் தருவானா?”

அப்பா தேங்காய் உரிப்பவர்தான். இருந்த ஒரு டப்பாவை எனக்குக் கொடுத்துவிட்டு, அந்த வருஷம் முழுக்கத் தேங்காய்ச் சிரட்டையில் சோப்பை வைத்துக் குளித்தவர். வாத்தியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. மௌஸ் பற்றிய ஐந்து மார்க் கேள்வியில் முழு மார்க் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெருமையோடுதான் கோயம்புத்தூரில் ஒரு நூல் கம்பெனிக்கு முதன்முதலாக வேலை கேட்டுப் போனேன். கிடைத்தால் அப்பா உரிப்பதை விட்டுவிடலாம். அவர் முதுகு அப்போதே வளைந்திருந்தது. ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னார்கள். நகர்த்தினேன், தட்டினேன், மறுபடி நகர்த்தினேன். ஒன்றும் திறக்கவில்லை. நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்பு டப்பாவுக்கு ஏது திரை? திரையில் ஓடும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டுதான் மௌஸை நகர்த்த வேண்டும் என்பது என் கண்ணுக்குப் பழகியிருக்கவே இல்லை. அம்புக்குறி ஏதோ ஒரு மூலையில் முட்டிக்கொண்டு நின்றது.

“ஏனுங்க தம்பி,” என்றார் மேலாளர், ரொம்ப மரியாதையாக. “அது எங்கீமு ஓடிப்போயிராதுங்க. கொஞ்சம் மேல பாருங்க.” எங்கள் ஊர் மரியாதையில் எவ்வளவு விஷம் கலக்கலாம் என்று அன்று தெரிந்தது. பக்கத்து மேசைகளில் சிரிப்பு. “போயிட்டு வாங்க, சொல்லி அனுப்பறமுங்க.”

சொல்லி அனுப்பவில்லை. அப்பா இன்னும் நாலு வருஷம் உரித்தார். அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸிலும் குளியலறையிலும் ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒன்றும் அமைந்ததில்லை.

நேற்று அந்தப் பெண் திரையிலிருந்து விரலை எடுத்தாள். அழவில்லை. “எங்க கைல மௌஸ யாருங்க குடுத்தாங்க? பத்து நிமிசம் குடுங்க, பழகிக்கறேன். பொறகு சிரிங்க.”

எட்டாவது நிமிஷத்தில் மௌஸால் பக்கத்தை நகர்த்தி, நான் கேட்ட ஃபைலைத் திறந்துவிட்டாள்.

வெல்வெட் உறை போட்ட அந்தக் கம்ப்யூட்டர் இப்போது பள்ளியில் இல்லை. சோப்பு டப்பாவும் எங்கோ தொலைந்தது. நேற்றுவரை அந்த மேலாளரைத் திட்ட எனக்கொரு நாக்கு இருந்தது. அதுவும் போய்விட்டது.