கட்டுரைக்கு ஒரு யானை

தரம் ஆறில் நான் எழுதிய ஒரு பொய்யை மெய்யாக்குவதற்காக, எங்கள் குடும்பமே லொறியில் ஏறி யால காட்டு வழியாகப் போய் வந்தது.

கட்டுரையின் தலைப்பு ‘நான் சென்ற சுற்றுலா’. பசறைப் பாடசாலையில் என்னோடு படித்த கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நுவரெலியா, திருகோணமலை என்று எழுதினார்கள். நான் அதுவரை போயிருந்த ஆக நீண்ட பயணம் பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான், அதுவும் காய்ச்சலோடு. ஆனால் வெறுந்தாளைக் கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் அப்போதே இருந்தது.

சித்தப்பா வாரம் ஒரு தடவை கோவா, லீக்ஸ் என்று மலைநாட்டு மரக்கறி ஏற்றிக்கொண்டு, புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் காட்டுப் பாதை வழியாகத் திஸ்ஸ சந்தைக்கு லொறி ஓட்டுகிறவர். அவர் சொன்ன கதைகளையெல்லாம் எடுத்து எங்கள் பெயரில் போட்டுவிட்டேன். லொறியிலேயே தூங்கினோம். குளக்கரையில் சோறாக்கினோம். காட்டு யானை ஒன்று வழியை மறித்து, அம்மாவின் கையிலிருந்து வாழைப்பழத்தை வாங்கித் தின்றது.

கட்டுரைக்கு முதலிடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும், அப்பாவையும் கூட்டி வர வேண்டும் என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை மாலை, தேயிலை மலையில் வேலை முடிந்து வந்த அப்பா கவ்வாத்துக் கத்தியை மூலையில் சாத்திவிட்டு, வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். பாதியிலேயே அம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“யானைக்கு நான் பழம் குடுத்தேனா? எப்ப, கொழுந்துக் கூடைய மாட்டிக்கிட்டேவா?”

அப்பா சிரிக்கவில்லை. “இதுல ஒண்ணும் நடக்கலயே பாப்பா.”

“டீச்சருக்கு அது தெரியாதுப்பா.”

“எனக்குத் தெரியுமே. நானும்ல அங்க வந்து நிக்கப்போறேன்.”

டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடுவார் என்று பயந்து அழுதேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, “சனிக்கிழம தம்பி லொறி போகுது. போயிட்டு வந்துருவோம்” என்றார். ஏதோ பக்கத்துக் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வருவதைப் போலச் சொன்னார்.

சித்தப்பா கோவா மூட்டைகளை முன்பக்கம் அடுக்கி, பின்னால் சாக்குகளை விரித்து, மேலே மழைக்கு மூடும் படங்கைக் கட்டி ஒரு வீடு செய்து தந்தார். அம்மா எல்லோருக்கும் சுவெட்டர் எடுத்துக்கொண்டார். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டார்.

“அண்ணி, அங்க வெயில் மண்டையப் பொளக்கும். அட்டை கருவாடாப் போயிரும்” என்றார் சித்தப்பா.

“உப்பு சோத்துக்காவது ஆகும், நீங்க வண்டிய எடுங்க.”

அப்பாவுக்கு வழியிலுள்ள எதுவும் கண்ணில் படவில்லை. என் அப்பியாசக் கொப்பி ஒன்றுதான் அவருக்கு வழிகாட்டி. அடுத்தது என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். திஸ்ஸ சந்தையில் மூட்டைகளை இறக்கியதும் குளக்கரையைத் தேடிப் பிடித்துச் சோறாக்கினோம். அது முடிந்தது. லொறியில் படுத்தோம். நுளம்புக் கடி ஒருவரையும் தூங்கவிடவில்லை. “கண்ண மூடிக்கிட்டாவது கெடங்க. தூங்குனோம்னு எழுதிட்டா” என்றார் அப்பா.

மிச்சம் இருந்தது யானை மட்டும்தான்.

போகும்போதும் காட்டுப் பாதையில் யானை வரவில்லை. ஞாயிறன்று திரும்பி வரும்போதும் வரவில்லை. காடு முடிந்து புத்தல கிட்டத்தில் வந்துவிட்டது. அம்மா மடியில் வைத்திருந்த பையில் வாழைப்பழங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. அப்பா லொறியின் பலகையைத் தட்டினார்.

“தம்பி, திருப்பு.”

“அண்ணே, வெளயாடுறீங்களா? சாயங்காலம் பாதைய மூடிருவாங்க.”

“அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. திருப்பு.”

சித்தப்பா எதையோ முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். பாதி வழியில் ஒரு வளைவில் லொறியை ஓரங்கட்டிக் காத்திருந்தோம். வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. அப்போது எதிரே ஒரு ஜீப் வந்தது. பச்சை ஜீப். முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மனேஜர் துரையின் ஜீப் வந்தால் எல்லோரும் ரோட்டை விட்டு, தண்ணீர் ஓடும் கானோரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். லொறியிலோ டிராக்டரிலோ போய்க்கொண்டிருந்தால் இறங்கி நிற்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அன்றும் அப்படித்தான். அப்பா குதித்து இறங்கினார், அம்மா இறங்கினார், நான் இறங்கினேன். மூன்று பேரும் காட்டோரமாக வரிசையாக நின்றோம். அப்பாவின் தொப்பி கக்கத்தில் இருந்தது.

“அண்ணே, எதுக்கு எறங்குறீங்க?” என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சித்தப்பா.

ஜீப்பில் இருந்தவர் சிங்களத்தில் கத்தினார். கையை எங்கள் பின்னால் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். பத்து எட்டுத் தூரத்தில் யானை நின்றது. காதுகள் மட்டும் அசைந்தன.

லொறியில் எப்படி ஏறினோம் என்று தெரியாது. அம்மாவின் பை கீழே விழுந்தது. யானை நிதானமாக வந்து, பையை உதறி, பழங்களைத் தின்றது. சுவெட்டர் ஒன்றையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. ஜீப்காரர் அது காட்டுக்குள் போகும்வரை நின்று, சித்தப்பாவைத் திட்டிவிட்டுப் போனார்.

“தின்னுருச்சுப்பா” என்றேன்.

“தின்னுச்சு. ஆனா கையில இருந்து வாங்கலயே. உங்கம்மா ஓடிட்டாள்ல.”

“நான் மட்டுமா ஓடுனேன்?” என்றார் அம்மா.

அந்த இடத்தை மாற்றி எழுதச் சொன்னார் அப்பா. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவது சுலபமாக இருந்தது.

திங்கட்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் பின்வரிசையில் நின்றார். நான் சத்தமாக வாசித்தேன். ‘ஒரு ஜீப் வந்தது. நாங்கள் வழக்கம்போல இறங்கி ஓரமாக நின்றோம். அப்பா தொப்பியைக் கழற்றினார். பின்னால் யானை நின்றது.’ அம்மா ஓடிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, “காட்டுக்குள்ள எதுக்கும்மா எறங்குனீங்க?” என்று கேட்டார்.

“ஜீப் வந்துச்சு டீச்சர்.”

“வந்தா?”

“எறங்கி நிக்கணும்ல டீச்சர்.”

டவுன் பிள்ளைகள் மிச்சப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஊர் உலகமெங்கும் உள்ள வழக்கம் அதுதான் என்று நினைத்திருந்தேன். டீச்சர் வேறு எதுவும் கேட்காமல் கைதட்டினார். அப்பா தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். யானை கையிலிருந்து வாங்காததில் அவருக்கு இன்னும் வருத்தம் என்று எண்ணினேன்.

பாடசாலை விட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி, தோட்டத்து ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. நான் கானோரம் ஒதுங்கினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டார். தொப்பி அவர் தலையில்தான் இருந்தது. நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஜீப் ஹோர்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பிறகு எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

“கை வலிக்குதுப்பா” என்றேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

அப்பாவுக்கு ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.