மூச்சு விடும் மெத்தை

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு மெத்தை வந்தது. முன்பெல்லாம் இரண்டு பேர் தலையில் சுமந்துகொண்டு, படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரைச் சுரண்டியபடி ஏறி வருவார்களே, அப்படி அல்ல. உயரமான அட்டைப் பெட்டிக்குள், காற்றை உறிஞ்சிச் சுருட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பியிருந்தார்கள். உறையைக் கிழிக்க ஒரு குட்டிக் கத்தியும் பெட்டிக்குள் இருந்தது. என் மகள் அதை எடுத்து ஒரு கீறு கீறினாள். நீளமாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அந்தச் சுருள் தானாகப் புரண்டு விரிந்து வீங்க ஆரம்பித்தது. புது ஃபோமும் பசையும் கலந்த வாடை அறை முழுக்க அடித்தது. அடுத்த நொடி நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எப்போது அங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா, மெத்தையைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?" என்று அவள் சிரித்தாள்.

பயப்படுவார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவர் இப்போது இல்லை. இன்னொருத்தி இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாடையை நான் முதலில் முகர்ந்தது பெங்களூர் அடுகோடியில், ஒரு சந்தின் கடைசியில் இருந்த தகரக் கொட்டகையில். என் முதல் வேலை அங்கேதான். வாணியம்பாடியிலிருந்து மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவள், ராக்கெட் இல்லாவிட்டாலும் தண்ணீர் பம்பாவது வடிவமைப்பேன் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது மெத்தை. ஊரில் கேட்டவர்களிடம் "ஸ்பிரிங் டிசைன்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அது பொய்யில்லையே.

பெங்களூர் அப்போது எனக்கு முழுக்க முழுக்க பயமாகத்தான் இருந்தது. ஒக்கலிபுரத்தில் பெண்கள் விடுதி. ரயில் போகும்போதெல்லாம் கட்டில் நடுங்கும், நானும் நடுங்குவேன். ஓசூர் ரோட்டைக் கடக்க, புடவை கட்டிய யாராவது ஒரு பெரியம்மாள் வரும்வரை காத்திருந்து, அவர் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு கடப்பேன். லிஃப்டில் ஏற மாட்டேன். முதலாளி கூப்பிட்டால் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிடுவேன்.

முதலாளி மஞ்சுநாத் சார் உண்மையில் சாதுவான மனிதர். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். ஒரு நாள் கூப்பிட்டு, "நோடும்மா, கஸ்டமர் எல்லாருக்கும் ஒரே கம்ப்ளெய்ன்ட். முதுகு சுடுது, முதுகு சுடுதுன்னு. காத்து போற மாதிரி ஒரு மெத்தை டிசைன் பண்ணிக் குடு. சாஃப்டா இருக்கணும், ஆனா முழுகக் கூடாது" என்றார்.

ஸ்பிரிங் மெத்தையின் உள்ளே வெறும் காற்றுதான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியுமா? கம்பிச் சுருள்களுக்கு நடுவே அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. ஆனால் மேலே கனமான ஃபோமை ஒட்டி, நான்கு பக்கமும் ஃபோமாலேயே சுவர் எழுப்பிவிடுகிறோம். உள்ளே இருக்கும் காற்று அப்படியே அடைபட்டு, படுத்தவரின் உடம்புச் சூட்டை வாங்கி அவருக்கே திருப்பித் தருகிறது. பக்கச் சுவரை எடுத்துவிட்டு வலைத்துணி போட்டால்? மேல் ஃபோமில் துளைகள் குத்தினால்? ஒருவர் புரண்டு படுக்கும்போது சுருள்கள் அமுங்கிக் காற்றை வெளியே தள்ளும், எழும்பும்போது புதுக் காற்றை இழுக்கும். மெத்தையே மூச்சு விடும். காகிதத்தில் அழகாக இருந்தது. செய்து பார்த்தபோது, சுவர் இல்லாத ஓரம் சரிந்தது. அதில் முதலில் உட்கார்ந்தவர் மஞ்சுநாத் சார். தரையில் கிடந்தபடியே, "காத்து நல்லா வருதும்மா" என்றார்.

மெத்தைக்கு ஓரம் தைக்கும் மெஷினில் ஸ்டெல்லா இருந்தாள். என் வயதுதான். கோலார் தங்கவயலிலிருந்து வந்து தொம்மலூரில் ஒற்றை அறை எடுத்து அப்பாவுடன் இருந்தாள். சார் விழுந்த அன்று எல்லாரும் சிரித்தோம், அவள் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், இந்த மெத்த நெஜமாலுமே மூச்சு முட்டாதா?"

"முட்டக்கூடாதுன்னுதான் பண்றேன். ஏன்?"

"எங்கப்பா படுக்கறதே இல்ல மேடம். சேர்லயே குந்தினு தூங்குறாரு. ஃபோம் மெத்த ஒண்ணு வாங்கிப் போட்டேன். படுத்தாரு, கத்தினே எழுந்துட்டாரு. ஒரு தடவ வந்து பாக்குறீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தொம்மலூருக்குப் போனேன். கண்ணாடி அலுவலகங்களுக்குப் பின்னால், கைநீட்டினால் எதிர்வீட்டைத் தொட்டுவிடலாம் என்பது போன்ற தெரு. ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணி அங்கிள் பிளாஸ்டிக் நாற்காலியில், திறந்த கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலில் தூசி படிந்த மனிதர். ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லிய விசில் சத்தம் வந்தது.

என்ன மாதிரி மெத்தை வேண்டும் என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"புடிக்கக் கூடாதும்மா. அந்த மெத்த என்னப் புடிச்சுக்கிச்சு. ரெண்டு பக்கமும் எழும்பி அமுக்குச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "கீழ ஒரு தடவ பாற வெடிச்சு மூடிக்கிச்சு. நானும் கூட்டாளி ராஜுவும் உள்ள மாட்டிக்கினோம். இருட்டு. அசைய முடியல. அவன் மூச்சு கேட்டுனே இருந்துச்சு. அப்புறம் கேக்கல. படுத்தா எனக்கு அதான் வருது."

ஸ்டெல்லா டீத்தம்ளரை என் கையில் கொடுத்தாள். ஆறும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அன்று விடுதிக்குத் திரும்பியதும் நான் என் மூச்சையே கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் அது எவ்வளவு நம்பகமில்லாத சமாச்சாரம் என்று தெரியும்.

அதன்பிறகு நான் வேறு மாதிரி வேலை செய்தேன். பிடிக்காத மெத்தை. ஒன்றோடொன்று கம்பியால் கோத்த சுருள்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் போட்டோம். அப்போது உடம்பு அமுக்கும் இடம் மட்டும் இறங்கும், பக்கத்தில் எதுவும் எழும்பி வராது. ஓரத்தில் மட்டும் தடித்த கம்பிச் சுருள்கள் வைத்து, வெளியே வெள்ளை வலைத்துணி தைத்தோம். மேலே மெல்லிய ஃபோம்தான், இரும்புக் குழாயால் துளை குத்தியது. காற்று போகிறதா என்று பார்க்க, முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு டப்பா முழுக்க உள்ளே தூவி, ஸ்டெல்லாவை மேலே குதிக்கச் சொன்னேன். நான்கு பக்கமும் புஸ்ஸென்று புகை கிளம்பியது. நாங்கள் எல்லாரும் திருவிழாவில் வேஷம் கட்டியவர்கள் போல நின்றோம். கொட்டகை ஒரு வாரம் மல்லிகைப்பூ வாசனை அடித்தது.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கொட்டகையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்துக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் கருங்கல், வெடி வைத்துத்தான் உடைப்பார்கள். மதியம் ஒருவன் சிவப்புக் கொடி பிடித்து விசில் ஊதுவான். கொஞ்சம் பொறுத்து, காலடியில் 'தொம்' என்று ஒரு அடி விழும். தகரம் சலசலக்கும். தையல்காரர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். நான் மட்டும் விசில் கேட்டதும் பென்சிலை வைத்துவிட்டு மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். அதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

மெத்தை தயாரானதும் ஒரு சனிக்கிழமை அங்கிளை ஸ்டெல்லா ஆட்டோவில் அழைத்து வந்தாள். பின்சுவர் ஓரமாகத்தான் சோதனைக் கட்டில் கிடந்தது. செருப்பை வாசலிலேயே விட்டார். உட்கார்ந்து, ஓரத்தை அமுக்கிப் பார்த்து, மெல்ல மெல்லச் சாய்ந்தார். கைகள் இரண்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தன.

"மேல இன்னா?" என்றார்.

"தகரம்தான் அங்கிள்."

"கல்லு இல்லயே?"

"இல்ல அங்கிள்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கை தளர்ந்தது. கண் மூடினார். விசில் சத்தம் நிதானமாகி, மெலிந்து, பிறகு கேட்கவே இல்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் செய்த மெத்தையில் ஒரு மனிதர் செத்துப் போய்விட்டார் என்றே நினைத்தேன். அவள் விரலை அப்பாவின் மூக்கருகே கொண்டுபோனாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"தூங்குறாரு மேடம். படுத்துனு தூங்குறாரு."

மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார் மஞ்சுநாத் சார். அந்தக் கொட்டகை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில்தான் பள்ளத்துப் பக்கமிருந்து விசில் கேட்டது. எழுப்பலாமா, எழுப்பினால் இன்னும் பயப்படுவாரா? நான் யோசித்துக்கொண்டே நின்றேன். 'தொம்.'

அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து இழுத்தபடி ஓடுவதைத்தான் பார்த்தேன். மூச்சுக்கே திண்டாடும் அந்த மார்பிலிருந்து எப்படி அப்படி ஒரு குரல் வந்தது என்று இன்றும் தெரியாது.

"வெளிய! எல்லாரும் வெளிய! வாங்கடா வெளிய!"

யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க விடும் குரல் இல்லை அது. தையல்காரர்கள் ஓடினார்கள். நான் கையில் கத்தரிக்கோலோடு ஓடினேன். மஞ்சுநாத் சாரும் செருப்பில்லாமல் ஓடினார். எல்லாரும் சந்தில், டீக்கடை எதிரில் போய் மூச்சிரைக்க நின்றோம்.

ஒன்றும் நடக்கவில்லை. டீக்கடைக்காரர், "ஏனாயிது, என்ன ஆச்சு?" என்று எட்டிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். அங்கிள் சாக்கடை மேடையில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தார். ஸ்டெல்லா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க சார்," என்றார் முதலாளியிடம். "தூக்கத்துல... எங்க கீறேன்னு தெரியல."

"பரவால்ல யஜமான்ரே, இதுல என்ன" என்று சொல்லிவிட்டு மஞ்சுநாத் சார் திரும்பி நடந்தார். தையல்காரர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் கிளம்பினார்கள். சார் வாசற்படியில் கால்கூட வைக்கவில்லை, அதற்குள் உள்ளே மாவு மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. பின்சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. சுவர், கட்டில், பாதித் தரை எல்லாம் பள்ளத்துக்குள் சரிந்து போயிருந்தன. கூரைத் தகரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. வாசலிலிருந்து புழுதி எங்கள் மேல் வந்து படிந்தது. அதில் இன்னும் கொஞ்சம் பவுடர் வாசனை இருந்தது.

அப்படியே அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெடிக்கு முன்பே பள்ளத்து ஆட்களும் மேலே ஏறி ஓடிப் போயிருந்ததால் அந்தப் பக்கமும் யாருக்கும் அடியில்லை என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கக் கதை பரவியது. சுரங்கத்து ஆள், பூமி பேசுவது காதில் விழுந்துவிட்டது என்றார்கள். வந்து வந்து கையைப் பிடித்துக் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அந்தச் சத்தம் கேட்டா ஓடிடுவேன், அவ்ளோதான். தீபாவளிக்கும் ஓடுவேன். பயம்ப்பா, வேற ஒண்ணுமில்ல."

யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன்.

மறுநாள் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில், சேற்றுத் தண்ணீரில், எங்கள் மெத்தை மல்லாந்து கிடந்தது. அதே அளவில் இன்னொன்று செய்ய, தெரிந்தவர் பட்டறையில் ஒரு மூலை வாங்கித் தந்தார் சார். தொம்மலூர் அறையில் அதைப் போட்டு, கதவைத் திறந்தே வைத்து, அங்கிள் அதன்பிறகு படுத்துத் தூங்கினார். சில நாள்தான். சில நாள் நாற்காலியேதான். மெத்தை எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. ஒன்றரை வருஷம் கழித்து ஸ்டெல்லா ஃபோன் செய்தாள். அழவில்லை. "படுத்துனுதான் போனாரு மேடம்" என்றாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள்.

கொட்டகையை மஞ்சுநாத் சார் திரும்பக் கட்டவில்லை. நான் வேறு வேலைக்குப் போனேன், ஸ்டெல்லா கல்யாணமாகி ஆந்திரா பக்கம் போய்விட்டாள். அந்தப் பள்ளம் பெரிய கண்ணாடிக் கட்டடமாக எழுந்து, எங்கள் இடத்தோடு சந்து முழுவதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டது. இரண்டு வருஷம் முன்பு ஒரு மீட்டிங்குக்காக அங்கே போக வேண்டி வந்தது. டிரைவர் காரைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறக்கி, கடைசித் தளத்தில் நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கிய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. தலைக்கு மேலே கான்கிரீட். அதற்கு மேலே இன்னொன்று. லிஃப்ட் பக்கத்திலேயே இருந்தது. நான் கார் ஏறும் சரிவிலேயே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மேடம், இந்தப் பக்கம் நடக்கக் கூடாது" என்று காவலாளி கத்தினார்.

வெளியே வந்து டீக்கடையைத் தேடினேன். சாக்கடை மேடையைத் தேடினேன். அங்கே இப்போது கார்கள் உள்ளே போகும் வழி இருக்கிறது. ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. நான் ஒதுங்கினேன். இன்னொன்று வந்தது. அன்று நாங்கள் எல்லாரும் ஓடிவந்து உயிரோடு நின்ற இடத்தில், இப்போது யாரும் நிற்க முடியாது.