ரேடியோ கம்பெனிப் பங்குகள்

சிங்கப்பூரில் பங்குத் தரகர் ஒருவரின் ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஜூரோங்கில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்னக் கம்பெனி டிரான்சிஸ்டர் ரேடியோ செய்து, பொதுமக்களுக்குப் பங்கு விற்க முன்வந்தது. தொழிற்சாலையைப் பார்க்கப் போன முதலாளி குறிப்பெடுக்க என்னையும் கூட்டிப்போனார். நீள மேசைகளில் பெண்கள் குனிந்து கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில், முடிந்த ரேடியோக்களை ஒரே நேரத்தில் திருகிப் பாடவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே மலாய்ப் பாட்டு. எனக்குப் புல்லரித்துவிட்டது.

சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அப்பாவும் நானும் குடியிருந்தோம். பக்கத்து அறையில் ஓர் அக்கா, கணவரை இழந்தவர். தஞ்சோங் பகார் துறைமுகத்து ஆட்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பிழைத்தார். சொந்தமாக ஒரு சாப்பாட்டுக்கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. அன்று மாலை பொதுச் சமையலறையில் நான் கண்டதையெல்லாம் அவரிடம் கொட்டினேன்.

“நெசமா எல்லாம் ஒண்ணா பாடுச்சா?”

“ஆமாக்கா! ஊரே அதைத்தான் வாங்கப் போவுது.”

ஊரே வாங்கும் என்பது காரில் முதலாளி சொன்னது. நானே கண்டறிந்ததுபோல் சொன்னேன்.

கடைக்கென்று சேர்த்ததைப் போட்டு அக்கா பங்கு வாங்கினார். அப்பாவும் வாங்கினார். விலை ஏறியது. காப்பிக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் அதே பேச்சு. ஜப்பான்காரர்கள் கம்பெனியையே வாங்கப் போகிறார்கள் என்றார் ஒருவர். அடுத்தது டிவிதான் என்றார் இன்னொருவர். அந்த ரேடியோவை வாங்கியதாக மட்டும் யாரும் சொல்லவில்லை. அக்கா எனக்கென்று தனியாக மீன் பொரித்து வைப்பார்.

ஒருநாள் முதலாளி தனக்கு வேண்டியவர் ஒருவரிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டதாம். சரக்கு தேங்கிக் கிடக்கிறதாம். அப்பாவிடம் சொன்னேன். மறுநாளே விற்றார்.

“வெளிய மூச்சு விடாதே. உன் வேலை போயிரும்,” என்றார்.

மனசு கேட்கவில்லை. அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அக்கா, அந்த ஷேரை வித்துடுங்களேன்.”

“ஏன், ஆபீஸ்ல ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லக்கா... ஏறினது எறங்கிட்டா?”

“இன்னும் ஏறும்லா! ஊரே வாங்கும்னு நீதானே சொன்னே?” என்று சிரித்தார்.

‘நாங்க வித்துட்டோம்’ என்று சொல்லியிருந்தால் போதும். அக்கா அரிசியை அப்படியே வைத்துவிட்டு என்னோடு கிளம்பியிருப்பார். நான் எங்கள் சோற்றுப்பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கொஞ்ச நாளில் அந்தப் பங்கை வாங்க ஆளில்லை. பிறகு கம்பெனியே மூடிவிட்டது.

விற்ற பணத்தைப் போட்டு நாங்கள் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு வாங்கினோம். பால் காய்ச்சும் நாளன்று அக்கா விடியற்காலையிலேயே வந்து சமையலைத் தானே எடுத்துக்கொண்டார். ஜன்னலருகே நின்று, “காத்து நல்லா வருதுலா,” என்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, “என்கிட்ட விக்கச் சொன்னியே, அப்பவே அப்பா வித்துட்டாரா?” என்று கேட்டார்.

“ஆமாக்கா.”

அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். பந்தியில் என் இலைக்கு வந்தபோதும் குறை வைக்காமல் பரிமாறினார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

வேறொருவர் கடையில் சமையலுக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தெருவில் போக நேர்ந்தால் எதிர்ப்பக்கமாகவே நடப்பேன். ஒருமுறை கடைவாசலில் நின்றிருந்தவர் என்னைக் கண்டுகொண்டு கையசைத்தார். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள்போல நான் நடையை எட்டிப் போட்டேன்.