செவ்வந்தியின் சிவப்புப் பக்கம்

செவ்வந்திக்குச் சொந்த ஊர் மலைமேல் இருக்கிற வெள்ளிமலை. அப்பாவும் அம்மாவும் கூலிக்குத் தினை அறுக்கிறவர்கள். பெண்ணோ கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் கரீம் பாயின் மோட்டார் கடை மாடியில் உட்கார்ந்து பெட்டிக்கு மூளை எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டி என்றால் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. உள்ளே சிம் இருக்கும். வீட்டிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வயலில் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும்.

அதற்கு ஒரு கையேடும் உண்டு. அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. நிரலுக்கு நடுவே செவ்வந்தி போட்டு வைக்கும் குறிப்புகளைப் பொறுக்கி, ஒரு மென்பொருள் தானாகவே கையேடாக அடுக்கிக் கொடுத்துவிடும். ஆனால் எழுதியதை அது அப்படியே நம்பும். புது வேலை எதையாவது அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் தனியாக எக்ஸ்டென்ஷன் எழுதி ஒட்டவேண்டும். செவ்வந்தி ஒன்று எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, பலே வேலை! கையேட்டிலுள்ள ஒவ்வொரு செய்முறையையும் அது பெட்டியின் நிரலில் நிஜமாகவே ஓட்டிப் பார்க்கும். சொன்னது நடந்தால் பக்கம் பச்சை. நடக்காவிட்டால் சிவப்பு. அவள் கையேடு முழுக்கப் பச்சைப்பசேலென்று கிடந்தது.

அப்போதுதான் கச்சிராயபாளையம் கொளஞ்சியப்பன், கழற்றிய பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"இன்னா பொட்டி விக்கிறீங்க? போய்ப் பாத்தா மோட்டாரு நின்னுக்கினு கீது. கரும்பு காயுது பாய்! எங்கூர்ல வாங்கின அத்தினி பேருக்கும் இதே கதிதான். இன்னிக்கி சரியாவலன்னா, நாளைக்கி எல்லாத்தையும் டெம்போல ஏத்தியாந்து உங்க வாசல்ல கொட்டிடுவோம்."

கரீம் பாய் முகம் சுண்டிப்போனது. "பொட்டி திரும்பி வந்துச்சுன்னா இந்த யாவாரத்தையே வுட்டுடுவேன் செவ்வந்தி. அப்பறம் நீ மலையேற வேண்டியதுதான்."

"கையேட்ல எல்லாம் பச்சையா இருக்குதுங்க பாய்."

"அந்தப் பச்சைய இன்னா பண்றது? கரும்புக்குக் காட்டுவியா?"

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு கோளாறும் இல்லை.

"ண்ணா, நீங்க இன்னா பண்ணுவீங்களோ அத ஒண்ணு வுடாம சொல்லுங்க."

"இன்னா கீது சொல்றதுக்கு? வூட்ல டீ குடிச்சிக்கினே மிஸ்டு கால் குடுப்பேன்."

"அப்பறம்?"

"கொஞ்ச நேரம் பாப்பேன். திருப்பிக் கூப்டலன்னா இன்னொண்ணு குடுப்பேன்."

"பொட்டி எங்கண்ணா திருப்பிக் கூப்டும்?"

"கூப்டாதுன்னு தெரியும். கை கேக்கணுமே! போச்சோ போவலியோன்னு இருக்கும்ல?"

செவ்வந்தி நிமிர்ந்தாள். வெள்ளிமலையில் அவள் அம்மா சாலம்மாளும் அப்படித்தான். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். மகள் திருப்பிக் கூப்பிடும்வரை மிஸ்டு கால் மேல் மிஸ்டு காலாகக் கொடுத்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ரீசார்ஜ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒருவரையும் விட்டபாடில்லை.

கொளஞ்சியப்பன் சொன்னதையே ஒரு செய்முறையாக அடித்தாள்: மிஸ்டு கால் கொடு, பதில் வராவிட்டால் இன்னொன்று கொடு, மோட்டார் ஓடவேண்டும். தட்டிவிட்டாள். எக்ஸ்டென்ஷன் பக்கம் பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தது. பச்சை, பச்சை, பச்சை... சிவப்பு!

"சிவப்பு பாய்! சிவப்பு!" நாற்காலி பின்னால் சாய, எழுந்து குதித்தாள்.

"சிவப்புக்குக் குதிக்கிற ஆள இப்பத்தாம்மா பாக்கறேன்."

முதல் மிஸ்டு காலில் ஓடிய மோட்டாரை இரண்டாவது நிறுத்திவிட்டிருந்தது. ஊரையா மாற்றமுடியும்? மோட்டார் ஓடத் தொடங்கியதும் பெட்டியே ஒரு மிஸ்டு கால் கொடுக்கும்படி நிரலைத் திருத்தினாள். செய்முறையில் ஓர் எழுத்தைத் தொடவில்லை. மறுபடி ஓட்டினாள். அதே பக்கம், பச்சை!

லேப்டாப்பில் பச்சை வந்தால் போதுமா? புது மூளையைப் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டு கொளஞ்சியப்பனோடு டவுன் பஸ் ஏறினாள். வயலில் பெட்டியை மாட்டிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி அம்சவள்ளி மோட்டாரைப் பார்க்க வயலிலேயே நின்றாள்.

கொளஞ்சியப்பன் மிஸ்டு கால் கொடுத்தார். போனையே பார்த்தார். இன்னொன்று கொடுக்கக் கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது.

போன் அடித்தது.

"அலோ, யாரு?"

"வெச்சிடுங்கண்ணா! பொட்டிதான்!"

"பொட்டியா?" கொளஞ்சியப்பன் வாய் பிளந்தார். அதற்குள் செவ்வந்தியின் போனில், வரப்பு மேலிருந்து அம்சவள்ளியின் குரல், "தண்ணி பாயுதும்மா! நிக்காம பாயுது!"

செவ்வந்தி சத்தமாகச் சிரித்தாள். கண்ணிலும் தண்ணீர்.

கொளஞ்சியப்பன் கரீம் பாய்க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். பாய் அந்த நொடியே திருப்பிக் கூப்பிட்டார்.

"பாய், டெம்போ வராது. இந்தப் பொண்ண மட்டும் மலைக்கி அனுப்பிடாதீங்க. எங்கூருப் பொட்டிங்க எல்லாத்துக்கும் வாய் வெக்கணும்."