படத்துக்கு நான் வைத்த பூ

மெல்பேர்னில் எங்கள் முதியோர் சங்கம் கூடும் மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்குகிறது. முறுக்கிய மீசை, கோட்டுப் பையில் சங்கிலி. மண்டபம் அவர் பெயரில்தான் இருக்கிறது. காணி கொடுத்த புண்ணியவான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்க எனக்குக் கூச்சம். மூன்று வருடமாக, கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வீட்டுச் செவ்வரத்தம் பூ ஒன்றை அந்தப் படத்தின் கீழே வைத்துவந்தேன்.

மண்டபத்தின் ஆண்டு விழா வந்தது. படத்துக்கு மாலை போடச் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்தார்.

"அக்கா, வயதில மூத்தவ நீங்கள். பேசத் தேவையில்லை, போட்டால் சரி."

"ஓம் தம்பி" என்றுவிட்டேன்.

விழாவில் வாசிக்க இருந்த இங்கிலிஷ் கடதாசியை மகள் குசினியில் அடுப்படியில் நின்று எனக்குத் தமிழில் சொன்னாள். நூறு வருடத்துக்கு முந்திய அரசியல்வாதி, பழமைவாதக் கட்சி, நாலு தரம் வென்று மந்திரியானவர். அவளுக்கு என்ன தோன்றியதோ, போனிலும் தேடினாள். முகம் மாறியது.

"அம்மா, இந்தாள் எங்களைப்போல ஆக்களை நாட்டுக்குள்ள விடக்கூடாதெண்டு பேசிப் பேசியே மேல வந்தவர்."

"எப்பிடி விடாமல் வைச்சவை?"

"சொல்வதெழுதல். கப்பலால இறங்கிற ஆளுக்கு ஒபிசர் ஐம்பது சொல் வாசிப்பார். பிழைவிட்டால் திருப்பி அனுப்புவினம்."

"படிச்ச ஆள் எழுதிப்போடுமே?"

"இங்கிலிஷ் தெரிஞ்சவனுக்கு ஜேர்மன் பாஷையில வாசிப்பினம். அந்தச் சட்டத்தைக் கைவிடக்கூடாதெண்டு நிண்டவர் இவர்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்வதெழுதலில் மட்டும் பிழை விட்டதில்லை. எங்கள் வாத்தியார் கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை காத்து நின்று, இன்னொரு தரம் வாசிப்பார். பிழைவிட வேண்டும் என்பதற்காகவே வாசிப்பதா? சீ! அதற்கு வக்காலத்து வாங்கி மந்திரியான மனிதனுக்கா நான் பூப் பிடுங்கிக்கொண்டு போனேன்?

விழாவன்று செயலாளர் மாலையை என் கையில் தந்தார். வந்திருந்த வெள்ளைக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏலாது தம்பி."

"கை எட்டேல்லையோ? கதிரை எடுத்துத் தரட்டோ?"

"எட்டும். போடமாட்டன். அவர் என்ன செய்தவர் எண்டு தெரியுமோ?"

"தெரியும் அக்கா, அது பழைய கதை. இந்த வெள்ளைக்காரர் மண்டபம் வாடகையில்லாமல் தருகினம், கெடுத்துப்போடாதேங்கோ."

தெரியுமாம்! மாலையை அவர் கையில் திணித்தேன். அவர் இங்கிலிஷில் ஏதோ சொல்ல எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவரே கதிரையில் ஏறி மாலையைப் போட்டார்.

பாயாசம் தந்தார்கள். குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் செவ்வரத்தை இன்றும் நிறையப் பூத்திருக்கிறது. ஒன்றைக்கூட நான் பிடுங்கவில்லை.